ஒன்பதாவது கையெழுத்து

தேனீக்காரர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

மேசைமேல் காட்டின் வரைபடம் விரிந்துகிடந்தது. அதை வரைந்தவள், கூட்டுக் குழுவின் செயலாளர், எதிரே உட்கார்ந்திருந்தாள். மரக் கம்பெனியின் எடைமேடை அறையில்தான் கூட்டம்.

மேல்சரிவு வனத்துறைக்கு. அடிவாரம் கம்பெனிக்கு. நடுவில் கீற்றுக் கீற்றாக ஒன்பது குடும்பங்களுக்கு. வெட்டுவதும் நடுவதும் காப்பதும் எல்லோரும் சேர்ந்துதான் என்று ஆறு வருடத்துக்கு முன்பு ஒப்பந்தம். ஒருத்தர் ஒப்பாவிட்டாலும் ஒரு கிளையைத் தொட முடியாது.

நடுக்காட்டில் முப்பதடி அகலத்துக்கு மரங்களை எடுத்துவிட்டு, வெறும் மண் தெரிய ஒரு தீத்தடுப்புக் கோடு போடவேண்டும் என்று முதலில் சொன்னது அவள்தான். தீ வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

எட்டுக் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டன. தேனீக்காரர் மாட்டேன் என்றார். கோடு போகிற இடத்தில் அவருடைய நாற்பது பூமரங்கள். அவற்றின் கீழேதான் தேன்பெட்டிகள்.

அவள் மூன்று தடவை வீடு தேடிப் போனாள். மூன்று தடவையும் சிரித்த முகமாக ஒரு பாட்டில் தேனைக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

போன கோடையில், உச்சிவெயில் நேரத்தில், அடிவாரத்தில் பிடித்த தீ அவர் கீற்று வழியாகவே மேலே ஏறியது. மரமும் போயிற்று, பெட்டியும் போயிற்று. அணைக்கப் போனவர்கள் பன்னிரண்டு பேர். இறங்கி வந்தவர்கள் பதினொரு பேர்.

அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கு வருவது இன்றைக்குத்தான்.

“அன்னைக்கே போட்டிருக்கணும்மா,” என்றார்.

வனக்காப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இங்க போடுங்கய்யா,” என்று விரலால் காட்டினாள். காகிதம் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் போட்டார். பெயரில் பாதி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லை என்றாள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனார்.

கதவு சாத்தியதும் கம்பெனி மேனேஜர் தொண்டையைச் செருமினார். கோட்டுக்கு ஒரு பெயர் வைப்பதாக எல்லோரும் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள்.

“உங்க வீட்டுக்காரர் பேரையே வச்சிடலாம்மா. பலகைகூட எழுதக் கொடுத்தாச்சு.”

எட்டு மாதமாக அந்தப் பெயரை யாராவது வாய்விட்டுச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள்தான். வரைபடத்தை மெல்லச் சுருட்டினாள். சுருட்டி முடிக்க வெகுநேரம் பிடித்தது.

“வேண்டாங்க,” என்றாள். “தேனீக்காரர் நிலத்துல போற கோட்டை அவர்தான் தினம் சருகு கூட்டிச் சுத்தமா வச்சுக்கணும். அந்தப் பலகையப் பாத்துக்கிட்டே எப்படிக் கூட்டுவார்?”