மூன்றாவது நிமிஷம்

வயிற்றைக் கீறியதும் கத்தி முனையில் முட்டை வழிந்தது.

மேனேஜர் காங் அடுத்த மீனை எடுத்தார். அதிலும் முட்டை. அதற்கடுத்ததிலும் முட்டை.

"ஆறாம் தொட்டி மொத்தமும் இப்படித்தானா?"



எங்கள் ஜெஜு தீவுப் பண்ணையில் தட்டைமீன் முட்டை வைக்கக் கூடாது. அதற்குத்தான் இத்தனை பாடு. விந்து கலந்த மூன்றாவது நிமிஷம் முட்டைகளைத் தூக்கிப் பனித்தண்ணீரில் முக்க வேண்டும். அந்தக் குளிரில், முட்டை வெளியே தள்ள வேண்டிய குரோமோசோம் தொகுதி உள்ளேயே தங்கிவிடும். இரண்டுக்குப் பதில் மூன்று. அப்படிப் பிறந்த மீனுக்குக் குடும்பம், குட்டி எதுவும் கிடையாது. தின்பதெல்லாம் சதை. மூன்று கிலோ வரை தளதளவென்று வளரும்.

நேரம் தப்பினால் சாதாரண மீன்தான். வெளியே பார்த்தால் தெரியாது. இரண்டு வருஷம் தீனி போட்ட பிறகு, இப்படி வயிற்றைக் கீறினால்தான் தெரியும்.

"ஆறாம் தொட்டியில விட்டது பதினொன்னாம் பேட்ச். இதுக்குப் பனித்தண்ணி வெச்சது யாரு?"

"நான்தான் சார்."

சுன்தொக் அக்கா முன்னால் வந்து நின்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மீன்குஞ்சு பொரிப்பகத்தில் இருபத்தோரு வருஷம் வேலை பார்ப்பவள். முட்டை எடுக்கும் நாளில் பாத்ரூம்கூடப் போகமாட்டாள்.

"ஸ்டாப் வாட்ச் கையில இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"நேரம் தவறிடுச்சு."

"தவறினது அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் முட்டையக் கொட்டாம விட்டீங்களா?"

அக்கா தலையாட்டினாள்.

காங்குக்கு முகம் சிவந்துவிட்டது. "ஆறாயிரம் மீனும்மா. ஒண்ணுகூட ஒன்றரைக் கிலோ தாண்டல. முதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது? மூணே மூணு நிமிஷம். அதைப் பார்க்க முடியாதவங்க எதுக்குப் பொரிப்பகத்துல நிக்கணும்?"

காங் கத்தியை மேஜைமேல் வைத்தார்.

"நானா அனுப்பினேன்னு இருக்க வேணாம். நீங்களே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"சரி சார்."

கெஞ்சவில்லை, அழவும் இல்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த வயதில், இப்படி ஒரு கெட்ட பேரோடு, தீவில் எந்தப் பொரிப்பகம் இவளைச் சேர்த்துக்கொள்ளும்? சாயங்காலத்துக்குள் கரையோரம் முழுக்கச் செய்தி பரவிவிடும்.

மதியம் சாப்பிடும்போது தீனி போடும் பார்க் வழக்கம்போலக் கிண்டலை ஆரம்பித்தான். "ரெண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கிறது தட்டைமீனுக்கு மட்டும்தான்னு நெனச்சேன். அக்காவுக்கும் அப்படித்தான் போல. கடிகாரம் அந்தப் பக்கம் இருந்திருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலை முடிந்ததும் அக்காவின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போனேன். பாவம் பார்த்துப் போகவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

"எப்படிக்கா இப்படிக் கோட்டை விட்டீங்க? யார்கூட போன்ல பேசிட்டிருந்தீங்க?"

"போன் எனக்கு வரல."

"பின்ன யாருக்கு வந்துச்சு?"

அக்கா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்குப் பனித்தண்ணி வெச்சது நான் இல்ல. காங்தான்."

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"நீ போன வருஷம் வந்தவ, உனக்குத் தெரியாது. அந்த பேட்ச் போட்டப்போ அவர் பொண்டாட்டிக்கு நிறைமாசம். கல்யாணமாகி ஒம்பது வருஷம் கழிச்சு உண்டான புள்ள. பிரசவமானதும் சூப் வெச்சுக் குடுக்கணும்ல, நானே கடல்பாசி வாங்கி எடுத்துட்டு வந்திருந்தேன். நீளமா, மடிக்காததா பார்த்து. மடிச்சா பிரசவம் சிக்கலாகும்பாங்களே."

அக்கா காலடியில் கிடந்த கல்லை ஓரமாகத் தள்ளினாள்.

"விந்து கலந்து ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரியிலேருந்து போன். வயித்துலயே குழந்தைக்குத் துடிப்பு நின்னுபோச்சாம்."

"ஐயோ..."

"ஸ்டாப் வாட்ச் கையில ஓடிட்டே இருக்கு. மனுஷன் அசையல. பத்து நிமிஷத்துக்கு மேல ஆயிடுச்சு. நேரமாச்சு சார்னு அந்த மூஞ்சியப் பார்த்து யாரால சொல்ல முடியும்? அப்புறம் என்ன நெனச்சாரோ, முட்டைய எடுத்துப் பனித்தண்ணில வெச்சார். 'அக்கா, முக்கா மணி நேரம் கழிச்சு எடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டுக் கிளம்பினார். அந்த நாள்ல அவருக்கு ஞாபகம் இருக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். எந்த பேட்ச், என்ன நேரம், எதுவும் தெரியாது."

மதியம் சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

"இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமேக்கா. உங்க வேலை போச்சே."

"சொல்லிட்டா? அதுக்கப்புறம் அவர் அந்தத் தொட்டிப் பக்கம் எப்படிப் போவார்? ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும் அங்கதான நடக்கணும்."

"சரி, அவர் போனதும் நீங்களாவது அந்த முட்டைய சாக்கடையில கொட்டியிருக்கலாம். இந்த வம்பே வந்திருக்காது."

பஸ் வந்து நின்றது. அக்கா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

"கொட்டத்தான் தூக்கினேன்டி. எல்லாம் உயிரோட மிதந்துச்சு. அன்னைக்குப் போய் எப்படிக் கொட்டுறது?"