அம்மாவோடு ஃபைனல்

தங்கை முத்துச்செல்வி பிரவுசரில் செய்த சண்டை கேமில் எல்லா அனிமே வீரர்களும் இருந்தார்கள். கூடவே எங்கள் குடும்பமும். நைட்டி மேல் துண்டு போட்ட அம்மா, வாள்வீரர்களையும் நிஞ்சாக்களையும் பறக்கவிட்டு ஃபைனலுக்கு வந்துவிட்டார். எதிரே, ஜப்பானில் என் ஒசாகா அறையிலிருந்து வீடியோ காலில் நான்.

பந்தயம் பெரியது. தோற்றால் தீபாவளிக்கு ஊருக்குப் போய்ப் பெண் பார்க்க வேண்டும். ஜெயித்தால் ஒரு வருடம் கல்யாணப் பேச்சே கிடையாது.

ஆடுபவரின் உடம்பில் இருக்கும் தெம்புதான் திரையில் இருக்கும் ஆளுக்கும். பதற்றத்தில் நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அம்மாவின் முதல் உதையிலேயே தள்ளாடினேன்.

"டேய் நாகு, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

திரையில் என் வயிறு கடமுடவென்று உறுமியது. செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பொய் சொல்லாத. போய்ச் சாப்பிட்டு வா, நிக்கிறேன்" என்று அம்மா கையை இறக்கினார்.

அந்த நேரம் பார்த்து ஒரே குத்து. அம்மா தரையில்!

"ஜெயிச்சுட்டேன்!" என்று கட்டிலில் ஏறிக் குதித்தேன்.

"சரிடா, பொண்ணு பாக்கல. கேமராவ ஃப்ரிட்ஜ் பக்கம் திருப்பு."

திறந்து காட்டினேன். உள்ளே ஒரே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது.

"செல்வி," என்றார் அம்மா, "எனக்கு ஒசாகாவுக்கு ஒரு டிக்கெட் போடுடி."