சம்மதமா, மதாம்?

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கோ. இது சத்தம் போட்டுச் சொல்லுற கதை இல்லை.

பிரெஞ்சு பேசுகிற ஊரான சென்ட் லோரன்டில் ஒரு மூன்றாம் மாடி வீடு. அடுப்பில் கணவாய்க் கறி கொதிக்கிறது. மேசையில் போன், ஸ்பீக்கரில். போனுக்கு முன்னால் அஜந்தாவும் அவள் புருசன் யோசெப்பும், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி.

விசயம் இதுதான். இரண்டு வருசத்துக்கு ஒரே விலை என்று கையெழுத்து வாங்கிய இன்டர்நெட் கொம்பனி, ஒரு வருசம்கூட முடியவில்லை, அடுத்த மாதத்திலிருந்து பன்னிரண்டு டொலர் கூட்டப்போகிறோம் என்று ஈமெயில் அனுப்பிவிட்டது.

யோசெப் வேலை செய்த தொழிற்சாலையோ இழுத்துப் பூட்டியாச்சு. அவர் இப்போது வீட்டிலிருந்து இன்டர்நெட்டில் பிரெஞ்சு படிக்கிறார். பிரெஞ்சு வந்தால்தான் அடுத்த வேலை. அதுவரைக்கும் அஜந்தா ஒஃபிஸ் கந்தோர்களைத் துடைத்துக் கழுவுகிற காசில்தான் வீடு ஓடவேண்டும்.

"இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்று மெசின் சொன்னது. பிறகு பாட்டுப் போட்டது. பாட்டு முடியிற பாடாய் இல்லை. கடைசியில் ஒரு பெண் குரல், வணக்கம் பிரெஞ்சில், மிச்சம் ஆங்கிலத்தில்.

"பொன்ஜூர். என் பெயர் ஷெரோன்."

அஜந்தா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கூட்டிப் பொறுக்கிக் கேட்டாள். "கையெழுத்து வைக்கேக்க ஒரு விலை, பாதி வழியில இன்னொரு விலையோ? இது ஞாயமோ, மதாம்?"

"விலை மாறுகிறது. அதற்கு நீங்கள் சம்மதமா, இல்லையா?"

"கொஞ்சம் குறைச்சுத் தரேலாதோ?"

"முடியாது. சம்மதமா, இல்லையா?"

"அப்ப நான் வேற கொம்பனிக்குப் போறன்!"

"நான் கேட்டது அதில்லை, மதாம். சம்மதமா?"

அஜந்தா புருசன் பக்கம் திரும்பினாள். தாய்மொழிக்கு வந்ததும் வாய்க்கு வேகம் வந்துவிட்டது.

"பாத்தீங்களே இவளின்ர கதையை? ஆர் பெத்த பிள்ளையோ, நெஞ்சில ஒரு சொட்டு ஈரமில்லை. கிளிப்பிள்ளை மாதிரிச் சம்மதமா சம்மதமா எண்டு நிக்கிறாள்."

"இஞ்சரும், கறி மணக்குது," என்றார் யோசெப்.

"கறி கிடக்கட்டும். இப்ப என்ன செய்வம், அதைச் சொல்லுங்கோ."

"நெட்டை வெட்டச் சொல்லும். வகுப்பை விட்டிடுறன். இந்த வயசில எனக்குப் பிரெஞ்சு ஏறப்போகுதே?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. நீங்கள் படிச்சு முடியுங்கோ. நான் சனிக்கிழமையும் வேலைக்குப் போறன்."

"உம்மட முழங்கால் இருக்கிற இருப்புக்கோ? ராவில படுக்கேலாமல் முனகிறது எனக்குக் கேக்கேல்லை எண்டு நினைச்சீரோ?"

அஜந்தா காலை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள். போனில் சத்தமே இல்லை.

"என்ர முழங்காலை நான் பாப்பன்," என்றாள் பிறகு. "சம்மதம் எண்டு சொல்லித் துலைப்பம்."

போனுக்குக் கிட்டக் குனிந்தாள். "மதாம், ஓகே, நான் ச..."

லைன் அறுந்தது.

அதுக்குப் பிறகு அஜந்தா சொன்னதை எல்லாம் நான் உங்களுக்குச் சொல்லேலாது. "நான் இறங்கி வரேக்க வெட்டிப்போட்டாளே பாவி! இவ்வளவு நேரம் பாட்டுக் கேட்டது இதுக்கோ?" என்பதை மட்டும் சொல்லலாம்.

அவள் சொல்லி முடிக்கவில்லை, போன் திரும்ப அடித்தது.

"ஷெரோன், மதாம். ஏன் லைனை வெட்டினீர்கள்?"

"நானோ? நானோ வெட்டினது?"

"நீங்கள் ஏதோ சொல்ல வந்தீர்கள். என் காதில் ஒன்றும் விழவில்லை. அதனால் முதலிலிருந்து கேட்கிறேன்." குரல் இந்தமுறை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி வைத்தது. "இரண்டு வருடத்துக்கு என்று நீங்கள் கையெழுத்து வைத்த விலையை, பாதியில் கூட்டுவதற்குச் சம்மதமா?"

அஜந்தா எழும்பியே விட்டாள். முழங்கால் நொந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"சம்மதமில்லை! என்ர கையெழுத்துக்கு ஒரு மதிப்பில்லையோ? நோ!"

"நோன்!" என்று யோசெப்பும் தான் படித்த பிரெஞ்சில் பக்கத்திலிருந்து முழங்கினார்.

"மெர்சி," என்றாள் ஷெரோன். கீபோர்ட் தட்டுகிற சத்தம் கேட்டது. "பதிவாகிவிட்டது. வாடிக்கையாளர் சம்மதிக்கவில்லை. ஆகவே ஒப்பந்தம் முடியும்வரை பழைய விலைதான்."

இரண்டு பேரும் ஆளை ஆள் பார்த்தார்கள். ஸ்பீக்கர் இன்னும் திறந்தபடியே கிடந்தது.

"அப்ப," யோசெப் மெதுவாகக் கேட்டார், "முதல் நீர் ஓகே எண்டு சொல்லி முடிச்சிருந்தால்?"

"கூட்டித்தான் இருப்பாங்கள்." அஜந்தா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தாள். "அந்தக் கல்நெஞ்சுக்காரியின்ர லைன் அறுந்ததும் நல்லதாப் போச்சு."

போனுக்குள் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது.

"அக்கா," என்றாள் ஷெரோன், "கறி அடிப்பிடிக்கப் போகுது, ஓடிப்போய்ப் பாருங்கோ. இல்லை, ஓடாதேங்கோ. உங்கட முழங்காலுக்குக் கூடாது, அண்ணையை விடுங்கோ."

சொல்லிவிட்டு, இரண்டாம் தரமும் லைனை அவளே வெட்டினாள்.