குழி விழாத இடம்

அந்த ஜிம்மின் ரப்பர் தரை முழுக்கக் குழிகள். கை அடியோடு ஓய்ந்து டம்பெல் தானாக நழுவி விழும்வரை துரைப்பாண்டி மாஸ்டர் யாரையும் விடமாட்டார். ஜெனிட்டா நிற்கும் இடத்தில் மட்டும் குழி இல்லை. இன்னும் ஒருமுறை தூக்கத் தெம்பிருக்கும்போதே அவள் சத்தமில்லாமல் கீழே வைத்துவிடுவாள். அப்படியும் அவள் கைகள் மற்றவர்களுடையதைப் போலவே திரண்டு வந்ததுதான் மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

அன்று தன் டம்பெல்லை விழும்வரை தூக்கிக் காட்டிவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட அவளிடம் வந்தார்.

"கை செத்தாத்தான் சதை வளரும். இன்னைக்கு உன்னுது விழணும். இல்லேன்னா நாளைலேருந்து வராத. ம், இன்னும் ஒண்ணு!"

"அந்த ஒண்ணு எனக்கு வேணும், மாஸ்டர்."

"எதுக்கு?"

அவள் தன் டம்பெல்லை அவரிடம் நீட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் வீறாப்பாக வாங்கினார். அடுத்த நொடி ஜிம்மே அதிர்ந்தது. அவள் காலடியில் முதல் குழி.

எடுக்கக் குனிந்த மாஸ்டரின் விரல்கள் மடங்கவில்லை.

ஜெனிட்டா அதை ஒரே கையால் தூக்கினாள். அவர் முகத்துக்கு நேராக அசையாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எங்க வைக்கட்டும், மாஸ்டர்?"