வீட்டுக் குரல்

"இயந்திரம் விசாரிச்சா பயப்படுவாங்கம்மா. அதுக்கு உங்க குரலைக் கொடுத்தா உங்க தம்பி தைரியமாப் பேசுவார். பேசுறது இயந்திரம்தான்னு முன்னாடியே சொல்லிடுவோம்."

அகதிகள் துறை அதிகாரி சொன்னதை நம்பி ஷிலான் கையெழுத்துப் போட்டாள். அவள் இந்த நாட்டில் எட்டு வருடங்களுக்கு முன் தஞ்சம் புகுந்த குர்துப் பெண்.

பத்தாம் நாள், தம்பி பாரானின் தஞ்ச மனு தள்ளுபடி.

அதிகாரியிடம் ஓடினாள். "ஏன் சார்?"

"அத்தை வீட்டுல ஏழு மாசம் இருந்தேன்னு அவரே சொல்லியிருக்கார். அப்போ ஊர் பாதுகாப்பாத்தானே இருக்கு?"

"கோதுமைக் குதிருக்குள்ள ஒளிஞ்சிருந்தான் சார்!"

"உங்க நாட்டு அரசோட ஒப்பந்தம் போட்டுட்டோம்மா. விசாரணைப் பதிவு எல்லாம் அவங்களுக்கும் போகுது."

"அத்தை பேருமா?"

"பதிவுல இருக்கிற எல்லாப் பேரும் போகும்மா."

திருப்பி அனுப்பப்படுபவர்களின் வரிசையில் பாரான் நின்றான். ஷிலான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஏண்டா அத்தையைக் காட்டிக் கொடுத்தே? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினியே!"

பாரான் குழம்பிப்போய் அவளைப் பார்த்தான்.

"நீதானே அக்கா அழுதுகிட்டே கேட்டே?"