வலது கன்னம்

கல்யாண வீட்டில் மரகதம் தன் தங்கை தமயந்தியின் கன்னங்களை இரண்டு கையாலும் வழித்து, "என் கண்ணே பட்டுடும்" என்று நெட்டி முறிக்கப் போனாள். விரல்கள் தன் நெற்றிப்பொட்டுக்குப் போவதற்குள் தமயந்தி ஷாக் அடித்தவள்போல் அலறிவிட்டாள். "தாலியறுத்தவ கை, பின்னே எப்படி இருக்கும்?" என்று பந்தியில் யாரோ சொன்னார்கள். அன்றோடு சரி, மரகதம் அப்புறம் யார் முகத்தையும் தொட்டதில்லை.

தமயந்தியின் தலைக்குள்ளே ஒரு ரத்தக்குழாய் முகத்துக்கு வருகிற நரம்பின்மேல் ஏறி அழுத்திக்கொண்டிருந்தது என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது. ஆபரேஷன் செய்து பிரித்து வைத்தார்கள். காற்றுப் பட்டாலே உயிர் போகிற அந்த வலி இப்போது இல்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த மரகதம் கைகளைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு எட்டியே நின்றாள்.

"உன் கையில ஒண்ணும் இல்லக்கா, எல்லாம் என் நரம்புலதான். வந்து தொடு" என்று தமயந்தி வலது கன்னத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டில் லேசாக அழுந்தியது. அக்காவின் தேங்காயெண்ணெய் வாசம் கிட்டே வந்தது. காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பாவம், இன்னும் பயப்படுகிறாள்.

"சும்மா தொடுக்கா."

"தொட்டுக்கிட்டுத்தான்டி இருக்கேன்."