பரிசு இல்லாத வருஷம்

"நாவல் பரிசுப் பட்டியல்ல அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் 'பரிசு யாருக்கும் இல்லை'ன்னு இருக்கே, ஏன் சார்?" என்று கேட்டார், நாட்டின் இலக்கிய வரலாற்றை எழுதிக்கொண்டிருந்த பேராசிரியை.

முன்னாள் நடுவர் வாய் திறப்பதற்குள் அவர் மனைவி காபி கொண்டுவந்தார். ஒரே ஒரு கப். அதைப் பேராசிரியையிடம் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

"சாருக்கு?"

"நான் அப்புறம் போட்டுக்கறேன். நீங்க கேளுங்க," என்றார் நடுவர்.

"கடைசிச் சுற்றுக்கு ஒரே ஒரு நாவல்தான் வந்திருக்கு. ரெண்டு பேர் வேணும்னாங்க, ரெண்டு பேர் வேண்டாம்னாங்க. உங்க ஓட்டுதான் அதைக் கவுத்திருக்கு. அவ்வளவு மோசமா?"

"அந்த வருஷம் வந்ததிலேயே அதுதான் நல்ல நாவல்."

பேராசிரியைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அப்புறம் ஏன் சார்?"

"கொடுத்திருந்தா ஊர் வாயில விழுந்து எந்திரிச்சிருக்க முடியாதும்மா."

"புனைபெயர்ல எழுதினவர் அதுக்கப்புறம் ஒரு வரிகூட எழுதலை. அவர் யாருன்னாவது தெரியுமா?"

"தெரியாம என்ன?" நடுவர் எழுந்து சமையலறைப் பக்கம் நடந்தார். "முடிவு சொன்ன மறுநாள் காலையிலேர்ந்து எனக்கு நான்தான் காபி போட்டுக்கறேன். முப்பது வருஷமாச்சு."

"சர்க்கரை போதுமாம்மா?" என்று பேராசிரியையிடம் கேட்டார் நாவலாசிரியை.